பரங்கிமலை முதல் பாரக்பூர் சாலை வரை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

யாம் புலவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறிய அளவில் படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகம் ஒன்றில் பேரேடும் பட்டியலும் எழுதிக் காலங்கழித்து வருகின்றோம். வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் பேசத் தக்கோர் இவ்வவையில் பலர் இருக்க, எம்மையும் ஏதேனும் ஒரு பொருள் குறித்துப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எமக்குத் தெரிந்தது யாது என்று எண்ணிப் பார்த்தோம். தூரம், அளவு, கணக்கு இம்மூன்றையும் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. ஆதலின், முற்காலத்தில் படைகளுக்காகக் கையால் வரையப்பட்ட நிலப்படங்களையும், நிலத்தை அளந்த முறைகளையும் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம். தமிழ்ச் சங்கத்தில் இப்பொருள் எதற்கு என்று சிலர் ஐயுறலாம். உரை முடிவதற்குள் அவ்வையம் தீரும் என நம்புகின்றோம்.

நம்மில் பலர் பாரக்பூர் டிரங்க் சாலை வழியாகப் பஸ்ஸில் சென்றிருப்போம். பைக்பாடாவின் அருகே சாலையோரத்தில் நெடியதொரு பழைய கோபுரம் நிற்கிறது. அதே சாலையில் வடக்கே சென்றால் சுக்சர் பக்கத்தில் அதற்கு இணையான மற்றொன்று உண்டு. உயரம் ஏறத்தாழ 75 அடி. கோவிலும் அன்று, மசூதியும் அன்று, மாதா கோவிலும் அன்று. எம் பிள்ளை ஒருநாள் அதைச் சுட்டிக்காட்டி, "அப்பா, அது என்ன?" என்று வினவினான். விடை கூற எம்மால் இயலவில்லை. அன்று தேடத் தொடங்கிய விடைதான் இன்றைய உரை. அக்கோபுரத்தின் கதை வங்காளத்தில் தொடங்கவில்லை. சென்னைப் பரங்கிமலையின் அடிவாரத்தில் தொடங்குகிறது.

முதலில், படைக்கு நிலப்படம் எதற்கு என்று காண்போம். படை நடத்துவோன் ஊரின் அழகை அறிய விரும்புவதில்லை. இந்த ஆற்றை எந்த மாதத்தில் இறங்கிக் கடக்கலாம்? பீரங்கி வண்டி ஏறத் தக்க கணவாய் எது? வண்டி மாடுகளுக்குப் போதிய தண்ணீர் தரும் ஏரி எத்தனை நாள் நடையில் உள்ளது? பகைவன் கோட்டையை நோக்கிய மேடு எத்திசையில் இருக்கிறது? இவற்றுக்கு விடை கூறுவதே அவனுக்கு வேண்டிய படம்.

இத்தகைய படத்தை வரைந்த முறை எளியது. படை செல்லும் வழியிலேயே அளப்போரும் செல்வர். ஒருவர் திசைகாட்டியை வைத்து வழி எப்பக்கம் திரும்புகிறது என்று குறிப்பார். மற்றொருவர் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடப்பார். சக்கரத்தின் சுற்றளவு முன்னரே தெரியும். எத்தனை சுற்றுச் சுழன்றது என்பதை அதனோடு இணைத்த பல்சக்கரம் காட்டும். வலப்பக்கம் கோவில், இடப்பக்கம் ஏரி, அதற்கப்பால் பனந்தோப்பு என்று நடந்தவாறே குறிப்பேட்டில் எழுதுவர். இரவில் கூடாரத்துள் விளக்கடியில் அமர்ந்து அக்குறிப்புகளைத் தாளில் கோடாக்குவர். மலையைக் காட்டச் சிறு சிறு கோடுகளை இழைப்பர். சரிவு செங்குத்தாகும் இடத்தில் கோடுகள் நெருங்கி நிற்கும், சரிவு தணியும் இடத்தில் விலகி நிற்கும். அச்சுக்கு முன் கையெழுத்துப் படியே படம். ஒரு படம் இரண்டாக வேண்டுமெனில், மற்றொரு கை முழுவதையும் மீண்டும் வரைய வேண்டும்.

வங்காளத்தில் இவ்வேலையைப் பெரிய அளவில் செய்தவர் ஜேம்ஸ் ரென்னல். 1764-ஆம் ஆண்டில், கங்கையிலிருந்து கல்கத்தாவுக்குப் பெரிய படகுகள் வரத் தக்க நீர்வழியைக் கண்டறியுமாறு கம்பெனியார் அவரை அனுப்பினர். அப்போது அவர்க்கு வயது இருபத்தொன்று. 1766-இல் பூட்டான் எல்லைப் பக்கத்தில் சன்னியாசிகளோடு நேர்ந்த கைகலப்பில் வாள்வெட்டுப் பட்டு உயிர் பிழைத்தது அரிதாயிற்று. 1767-இல் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல் ஆனார். இந்திய சர்வே இலாகா தன் பிறந்த ஆண்டாகக் கொள்வது அந்த 1767-ஐத்தான். 1779-இல் அவருடைய வங்காளப் படத்தொகுதியும், 1782-இல் இந்துஸ்தானத்தின் படமும் வெளிவந்தன. நம் நாட்டிலும் இஃது நடந்தது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாரமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தபோது, ஜான் மேதர் என்பார் அந்நிலங்களை அளந்து படமாக்கினார். படை சென்ற வழியே படமும் சென்றது; படம் சென்ற வழியே வரிவசூலும் சென்றது. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மை ஆகாது.

ஆயினும் இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. சக்கரம் மேட்டிலும் பள்ளத்திலும் உருளும். மேட்டில் ஏறி இறங்கிய தூரத்தையும் நேர்தூரமாகவே காட்டும். திசைகாட்டி இம்மி அளவு பிசகும். ஒவ்வொரு நாளின் சிறு பிழையும் மறுநாளின் பிழையோடு சேரும். கணக்கெழுதும் எமக்கு இது நன்கு தெரியும். முதற் பக்கத்தில் ஒரு காசு தவறினால் கடைசிப் பக்கம் வரை அது நம்மைத் தொடர்ந்து வரும். நூறு மைல் தாண்டியபின் படத்தில் உள்ள ஊர் ஓரிடத்திலும் மெய்யான ஊர் ஓரிடத்திலும் நிற்கும்.

இக்குறையை நீக்கப் புறப்பட்டவர் வில்லியம் லாம்டன். அவரும் படைவீரரே. 1799-இல் திப்புவோடு நடந்த இறுதிப் போரில் 33-ஆம் காலாட்படையில் இருந்தார். ஒரு நள்ளிரவில், தெற்கு நோக்கிச் செல்ல வேண்டிய படைப்பிரிவு வழி தவறி வடக்கே திப்புவின் பாசறையை நோக்கிச் செல்வதை விண்மீன்களைக் கொண்டே கண்டுபிடித்துத் தலைவரை எச்சரித்தார் என்று கூறுவர். போர் முடிந்தபின், தென்னாடு முழுவதையும் முக்கோண அளவையால் அளக்க இசைவு வேண்டிப் பெற்றார்.

முக்கோண அளவை என்றால் என்ன? முன்வரிசைச் சிறுவர்கள் செவிசாய்த்துக் கேட்க வேண்டுகிறோம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்காலேயே அறியலாம். ஆகவே நிலத்தில் ஒரே ஒரு கோட்டை மட்டும் மிக நுட்பமாக அளந்தால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றைத் தியோடலைட் என்னும் கோணங்காணும் கருவியால் பார்த்தால், அக்குன்றின் தூரம் நடவாமலே கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த பக்கத்தையே அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதன்மேல் அதற்கடுத்தது. ஆறும் காடும் பகைவர் கோட்டையும் இடையில் இருந்தாலும் தடையில்லை. பார்வை சென்றால் போதும். ஆனால் அனைத்தும் அந்த முதற்கோட்டையே நம்பி நிற்கும். அது தவறினால் எல்லாம் தவறும்.

அம்முதற்கோடு 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் பரங்கிமலையின் அருகே அளக்கத் தொடங்கப்பெற்றது. நீளம் ஏறத்தாழ 7½ மைல். அளந்த கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள நாற்பது கண்ணிகள் கொண்டது. அச்சங்கிலியின் வரலாறு வியப்பானது. பிரிட்டன் 1793-இல் சீனப் பேரரசரிடம் தூதுக்குழு ஒன்றை விடுத்தபோது, பரிசுப் பொருள்களுள் ஒன்றாக அதுவும் சென்றது, ஏற்கப்படவில்லை. குழுவில் இருந்த டின்விடி என்னும் அறிஞர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். லாம்டன் அவரிடமிருந்து அதைப் பெற்றார். நாம் சென்னைப் பக்கத்திலிருந்து கொல்கத்தா வந்து சேர்ந்தோம். அந்தச் சங்கிலியோ கல்கத்தாவிலிருந்து சென்னை சென்று வேலைக்கு அமர்ந்தது!

சங்கிலியைத் தரையில் இழுத்து அளக்கவில்லை. முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை ஒரே மட்டத்தில் நிறுத்தி, அவற்றுள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானிகளைப் பக்கத்தில் வைத்து அளந்தனர். ஏனெனில் எஃகு வெயிலில் நீளும். ரயில்வேயில் இருப்போர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சங்கிலி ஏறத்தாழ நானூறு முறை தூக்கி வைக்கப்பட்டது. சித்திரை வெயில், சென்னை நகரின் புறத்தே, நிழலில்லாத வெளி. ஒவ்வொரு முறையும் முக்காலியைச் சுமந்தோர் யார்? பெட்டியை மட்டம் பார்த்தோர் யார்? இவ்வினாவைத் தற்போதைக்கு நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்.

பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் மேற்கேயும் தெற்கேயும் விரிந்தன. கோணங்காணும் பெரிய தியோடலைட் அரை டன் எடையுடையது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றி மொரீசியஸ் தீவுக்குக் கொண்டுபோய், அறிவியற் கருவி என்று அறிந்தபின் திருப்பி அனுப்பினர். மலைநாட்டில் அதனை மலையுச்சிக்கு ஏற்றினர். சோழநாடோ சமவெளி, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். அங்கே மலைக்கு எங்கே போவது? நம் முன்னோர் எழுப்பிய கோவிற் கோபுரங்களே மலைகளாக உதவின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின்மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொருவராயின் வேலையை நிறுத்தியிருப்பர். லாம்டன் கூடாரத்துள் புகுந்து ஆறு வாரம் வெளிவராமல் இருந்து, நெளிந்த வட்டத்தைத் தம் கையாலேயே சீர்செய்து மீண்டும் வேலைக்கு அனுப்பினார்.

அந்தக் கோவில் எது என்று எண்ணிப் பாருங்கள். அதை எடுப்பித்த ராஜராஜ சோழன் 1001-ஆம் ஆண்டளவில் தன் நாடு முழுவதையும் அளப்பித்தவன். அவ்வேலையை நடத்திய படைத்தலைவனுக்கு "உலகளந்தான்" என்னும் பட்டம் கிடைத்தது. கோலால் அளந்த மன்னனின் கோவில்மேல், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் கண்ணாடியால் அளப்பவன் ஏறினான். இருவர் காலத்திலும் அளவைக்குத் தலைமை தாங்கியது படைத்தலைமையே. நில அளவையும் ஆட்சியும் என்றும் உடன்பிறந்தவை.

இனி, சுமந்தோர் யார் என்னும் வினாவுக்கு வருவோம். 1794-இல் சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் என்பாரின் முயற்சியால் ஒரு சர்வே பள்ளி தொடங்கப்பட்டது. கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர் அதுவே. ஆங்கிலத் தந்தைக்கும் இந்நாட்டுத் தாய்க்கும் பிறந்து ஆதரவற்றிருந்த சிறுவர்களைச் சேர்த்து அளவை கற்பித்தனர். அப்பள்ளியிலிருந்து லாம்டனிடம் வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் ஜோசப் ஆலிவர். 1823-இல் லாம்டன் விதர்ப்ப நாட்டு ஹிங்கன்காட்டில், வேலையிலேயே உயிர் நீத்தார். அவர்க்குப்பின் தலைமையேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் நோயுற்று 1825-இல் இங்கிலாந்து சென்றார். அவர் இல்லாத ஆண்டுகளில், மாளவத்துச் சிரோஞ்சிலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ 700 மைல் முக்கோணம் முக்கோணமாக அளந்து கல்கத்தா வரை வந்து சேர்ந்தவர் இந்த ஆலிவரே. சென்னையில் படித்த பிள்ளை, சென்னையில் தொடங்கிய கோட்டைக் கல்கத்தாவில் கொணர்ந்து முடித்தார். நம்மைப் போல அவர் கடற்கரையோரமாக நேர்வழியில் வரவில்லை. பெங்களூர், பீதர், சிரோஞ்சு என்று நாட்டின் நடுவே ஏறிச் சுற்றி வந்தார்.

நீண்ட பயணத்தின் கணக்கு சரிதானா என்று இறுதியில் சோதிக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் பாரக்பூர் சாலையில் இன்னொரு கோட்டை அளந்தனர். சாலை நேரானது, மட்டமானது. ஆனால் வங்காளத்தில் குன்றில்லை, மரமும் பனிமூட்டமும் மிகுதி. ஆகவே கோட்டின் இரு முனைப் பக்கங்களிலும் கோபுரங்களை எழுப்பினர். 1831, 1832 ஆண்டுகளின் குளிர்காலத்தில், இங்கிலாந்திலிருந்து எவரெஸ்ட் கொண்டுவந்த புதுக்கருவியால் அளவை நடந்தது. பித்தளையும் இரும்பும் வெப்பத்தால் வெவ்வேறு அளவில் நீளும். அவ்விரு உலோகங்களின் பத்தடித் தண்டுகளை இணையாகப் பிணைத்து, வெயிலானாலும் குளிரானாலும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் மட்டும் மாறாதவாறு செய்திருந்தனர். பரங்கிமலையில் வெப்பமானியை வைத்துக் கணக்கிட்டுத் திருத்திய பிழையை, இங்கே கருவியே தன்னைத் திருத்திக்கொண்டது. எம் பிள்ளை கேட்ட கோபுரத்தின் பொருள் இதுவே. அது பரங்கிமலையிலிருந்து வந்த கோட்டின் மறுகரை.

இந்நகரில் அக்கருவிகளைப் பழுதுபார்த்தவர் யார் தெரியுமா? ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொசின் ஹுசேன். சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தவரின் கைத்திறனைக் கண்டு, சர்வேயர் ஜெனரலாக இருந்த வாலண்டைன் பிளாக்கர் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துவந்தார். ஆங்கிலக் கருவியாளர் பாரோவின்கீழ் வேலை செய்த அவர், எவரெஸ்டின் பெருமதிப்பைப் பெற்று, 1843-இல் பாரோ வகித்த பொறுப்புக்கே உயர்ந்தார். ஆர்க்காட்டிலிருந்து பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்து, கைத்திறத்தால் நிலைபெற்றவர்! நம் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கேட்கும் கதையன்றோ இது? நமக்கு முன்னே இவ்வழி வந்த அவரை நம் பிள்ளைகள் அறியார், நாமும் அறிந்திலோம்.

வங்காளியர் பெருமையையும் இங்கே மறத்தலாகாது. 1831-இல், இந்து கல்லூரி மாணவராயிருந்த ராதாநாத் சிக்தார் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இவ்விலாகாவில் கணிப்பாளராகச் சேர்ந்தார். இமயத்தின் பதினைந்தாம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்பதை வெளிக்கொணர்ந்த கணிப்பில் அவர் பங்கு பெரிது. 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தனர். சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயரை வைத்தனர். 2020-இல் நேபாளமும் சீனாவும் இணைந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அடியில் சொன்னால் 29,031 சொச்சம். மலைமேல் ஏறாமல், தொலைவிலிருந்து பார்த்த கோணங்களைக் கொண்டு கையால் போட்ட கணக்கு முப்பதடியே குறைந்தது!

ஆனால் எம் நெஞ்சைத் தொட்டது அந்தக் கணக்கு அன்று. 1843-இல் டேராடூனில், சர்வே இலாகாவின் கூலியாட்களை மாஜிஸ்திரேட்டு ஒருவர் தம் சுமையைத் தூக்குமாறு கட்டாயப்படுத்தினார். சிக்தார் அதைத் தடுத்து நின்றார். வழக்கு நடந்தது. இருநூறு ரூபாய் அபராதம் விதித்தனர். கட்டினார், ஆயினும் தாம் செய்தது தவறென்று கொள்ளவில்லை. மற்றொன்று: 1851-இல் சர்வே இலாகா வெளியிட்ட அளவைக் கையேட்டின் முன்னுரையில், கணக்கியற் பகுதிகளுக்காகச் சிக்தாருக்கு நன்றி கூறியிருந்தனர். அவர் 1870-இல் மறைந்தார். 1875-இல் வந்த பதிப்பில் அந்நன்றி காணாமற்போயிற்று. அடுத்த ஆண்டு, இஃது இறந்தவரிடம் திருடியதற்கு ஒப்பென்று ஓர் ஆங்கிலேய அதிகாரியே பத்திரிகையில் கண்டித்தார். 2004-இல் நம் அரசு அவர் உருவத்தை அஞ்சல்தலையில் பொறித்தது.

அந்த அஞ்சல்தலை வரிசையில் இடம்பெற்ற மற்றொருவர் குமாவுன் மலைநாட்டு நயின் சிங். வெள்ளையர் நுழைய இயலாத திபெத்துக்கு 1865-இல் யாத்திரிகர் வேடத்தில் சென்றார். சங்கிலி ஏது, சக்கரம் ஏது? தம் காலடியையே அளவுகோல் ஆக்கினார். மேட்டிலும் பள்ளத்திலும் அடி ஒரே நீளமாக விழும்படி பழகியிருந்தார். இரண்டாயிரம் அடிவைப்பு ஒரு மைல். ஜபமாலையில் நூற்றெட்டுக்கு மாறாக நூறு மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் பதினாயிரம் அடி, அதாவது ஐந்து மைல். பிரார்த்தனைச் சக்கரத்துள் மந்திரத்துக்கு மாற்றாகக் குறிப்புத் தாள். உதட்டில் ஜபம், உள்ளத்தில் கணக்கு!

பெயர் போற்றிய நல்லோரும் இல்லாமலில்லை. இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரலாக 1815-இல் அமர்ந்த காலின் மெக்கன்சியும் போர்ப்படைப் பொறியாளரே. அவர்க்குத் துணைநின்ற காவலி வேங்கட போரையா, லட்சுமையா, ராமசாமி ஆகிய தெலுங்குச் சகோதரர்கள் இல்லையேல், தென்னாட்டுச் சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் அவர்க்குக் கிடைத்திரா. 1816-இல் ஓர் ஓவியர் அவரைத் தீட்டியபோது, இந்நாட்டு உதவியாளர் மூவர் அவரோடு அப்படத்தில் நிற்கின்றனர். அவர் திரட்டிய சுவடிகளுள் பல இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. 1821-இல் மறைந்த அவர் உடல் இங்கே பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. வழிப்போக்கராக ஒரு முறை சென்று காணலாம்.

ஆயினும், ஒருவரிருவர் பெயரே இவ்வாறு தப்பின. பரங்கிமலையில் முக்காலி சுமந்தோர், தஞ்சையில் கயிறு பிடித்தோர், மலையுச்சிகளில் கொடியும் விளக்கும் ஏந்தி நாட்கணக்கில் நின்றோர், காட்டுக் காய்ச்சலில் வழியிலேயே மாண்டோர் ஆகியோரின் பெயர்கள் எந்தப் படத்தின் மூலையிலும் இல்லை. படத்தில் கோடு இருக்கிறது. கோட்டை இழுத்த கை இல்லை.

இதை யாம் ஏன் இவ்வளவு அழுத்திக் கூறுகின்றோம்? எம் தந்தையார் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கரக்பூருக்கு வந்து ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தவர். பல ஆண்டுகள், புதுப்பாதைக்கு அளவெடுக்கும் குழுவில் சங்கிலி பிடித்தார். ஆறு, சதுப்பு, காடு எல்லாம் நடந்தார். அவர் கையில் சங்கிலிக் கண்ணியின் தழும்பு கடைசி வரை இருந்தது. அவர் மறைந்தபின் பெட்டியைத் திறந்தபோது, மடிப்பில் கிழிந்துபோன பழைய நீலப்படம் ஒன்று கிடைத்தது. எந்தப் பாதையின் படமோ. வேண்டாமென்று எறிந்ததை அவர் எடுத்து வைத்திருக்க வேண்டும். அதன் மூலையில் எஞ்சினியர் பெயர், வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், தேதி எல்லாம் உண்டு. தந்தையார் பெயர் இல்லை. இருக்கும் வழக்கமும் இல்லை. ஆனால் படத்தின் ஓரிடத்தில், ஒரு சிற்றாற்றின் பக்கத்தில், பென்சிலால் அவர் தமிழில் ஒரு சொல் எழுதியிருந்தார். "இங்கு பாம்பு". அவ்வளவே. அந்தப் பெரிய படத்தில் அவர் இட்ட குறி அஃது ஒன்றுதான்.

இதனினும் எம்மை உறுத்துவது மற்றொன்று. அவரைப் போன்றோர் பெயர் எழுதப்பட்ட ஒரே ஏடு மஸ்டர் ரோல். அது எம் மேசைக்கு வரும் காகிதம். குறித்த ஆண்டுகள் கழிந்தால் பழைய ஏடுகளைக் கட்டி ஒழித்துவிட வேண்டும் என்பது விதி. இத்தனை ஆண்டு வேலையில் அத்தகைய கட்டுகளை யாமே எம் கையால் கட்டியிருக்கிறோம். ஒருமுறையேனும் பிரித்துப் படித்ததில்லை. எத்தனை தந்தையர் பெயரைக் கயிற்றால் கட்டி அனுப்பினோமோ, அறியோம். விதியைக் குறை கூறவில்லை, இடம் வேண்டுமல்லவா? ஆனால் கட்டுவதற்கு முன் ஒரு நாழிகை படித்திருக்கலாம்.

அரசும் இலாகாவும் தம் கணக்கைத் தம் வழியில் வைத்துக்கொள்ளும். நம் கணக்கை நாம் வைத்துக்கொள்ள யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. ஆதலின் இச்சபையின்முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம்.

முதலாவது, வரும் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகளைப் பைக்பாடாக் கோபுரத்துக்கும் சுக்சர்க் கோபுரத்துக்கும் அழைத்துச் செல்வோம். அங்கே நின்று, "இக்கோடு பரங்கிமலையில் தொடங்கியது" என்று அவர்களுக்குக் காட்டுவோம். ஊர் தூரம் என்று வருந்தும் பிள்ளைகள், ஊரோடு தங்களைப் பிணைத்த சங்கிலி ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இழுக்கப்பட்டது என அறியட்டும்.

இரண்டாவது, நம் சங்கத்தில் ஒரு பெயரேடு தொடங்குவோம். இக்குடியிருப்புக்கு முதலில் வந்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த வேலை, யாரை நம்பி ஹௌராவில் இறங்கினார் என்று வீட்டுக்கு வீடு கேட்டு எழுதுவோம். அதிகாரி என்றும் எடுபிடி என்றும் வேற்றுமை வேண்டா. மெஸ்ஸில் இலை போட்டவர் பெயரும், அப்பளம் இட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்த தாயின் பெயரும் அதில் இருக்க வேண்டும். எழுதும் வேலையை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். எழுதுவது எம் தொழில். அவ்வேட்டை மட்டும் யாம் கட்டி அனுப்பமாட்டோம்.

மூன்றாவது, சிறுவர்களுக்கு. நீங்கள் பெரியவர்களாகி எஞ்சினியராகவும் அதிகாரியாகவும் வருவீர்கள். உங்கள் பெயர் படத்தின் மூலையில் ஏறும். அப்போது உங்களுக்குச் சங்கிலி பிடித்தவர் பெயரைக் கேட்டு, அதையும் எழுதுங்கள். இன்று விண்கோளின் துணையால் கைப்பெட்டியே இடத்தைக் காட்டிவிடுகிறது. சங்கிலி போய்விட்டது என்பீர்கள். சங்கிலி போகலாம். வெயிலில் நிற்கும் ஆள் போகவில்லை.

ஹௌராவிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். மெயில் வண்டியில் ஏறினால் இரண்டாம் நாள் சென்று சேர்கிறோம். அடுத்த முறை ஊருக்குப் போகையில் சன்னலுக்கு வெளியே ஓடும் கிலோமீட்டர்க் கற்களைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவர் நடந்து அளந்த இடம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!